நிபுணர் குழுவிடம் ஒரு சங்கதியைக் கொண்டுபோவது எப்படி? பொருளறிவியலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பர்கூர் பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறை வைத்திருப்பவர், ஓசூரில் மின்வாகன உதிரிபாகம் செய்பவர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் என யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இதையெல்லாம் நிபுணர் குழு பார்க்கணும் சார், டெல்லிக்கு எழுதிப் போடுங்க." எந்தக் குழு, எப்படி எழுதுவது, எழுதினால் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். அந்த இடத்திலிருந்து இந்த வழிகாட்டி தொடங்குகிறது.

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நிபுணர் குழு தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். உங்கள் ஆய்வு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அந்தக் கேள்விக்குள் அடங்காவிட்டால் "ஆர்வமூட்டும் முயற்சி" என்று ஒரு வரி எழுதி அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். ஆகவே, எந்தக் குழுவின் முன் எந்தக் கேள்வி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

எந்தக் குழு எதற்கு

கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் நிபுணர் குழு என்றதும் குவாரிக்காரர்களுக்கு நினைவு வருவது மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு. அது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் இயங்குவது. திட்டத்தை ஆராய்ந்து, அனுமதி தரும் மாநில ஆணையத்துக்குப் பரிந்துரை செய்யும். ஆராய்ச்சிக்குப் பணமோ திசையோ காட்டுவது அதன் வேலை அல்ல. கல் அறுத்த சேற்றில் ஓடு செய்யலாம் என்று அங்கே போய் விளக்குவது, தாலுகா ஆபீஸில் போய் ரயில் டிக்கெட் கேட்பது மாதிரி.

பொருளறிவியல் (கல், கான்கிரீட், உலோகம், பேட்டரி போன்ற பொருட்களின் அறிவியல்) ஆராய்ச்சி தொடர்பாக அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

முதல் வகை, திசை சொல்லும் குழு. நாடு எந்தப் பொருளில் கவனம் வைக்க வேண்டும், எங்கே பின்தங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது. 1999இல் தொடங்கப்பட்ட முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும், 2018இல் அமைந்த பிரதமரின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆலோசனைக் குழுவும் இதில் வரும். அமைச்சகங்கள் ஒரு குறிப்பிட்ட கேள்விக்காக அமைத்துப் பிறகு கலைத்துவிடும் குழுக்களும் இந்த வகையே.

இரண்டாவது, பணத்தைப் பரிந்துரைக்கும் குழு. ஆய்வுத் திட்டங்களைப் படித்து, எதற்கு நிதி தரலாம் என்று சொல்வது. முன்பு அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் செய்துவந்த இந்த வேலை, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் போய்விட்டது. வாரியமும் அதற்குள் அடங்கிவிட்டது. பழைய வாரியத்தின் பெயரைப் போட்டு இன்னும் விண்ணப்பம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். மேலுறையைப் பார்த்தவுடனேயே படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

மூன்றாவது, தரநிலை எழுதும் குழு. இந்தியத் தரநிலைகள் பணியகத்தின் கீழ் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பிரிவுக் குழு உண்டு. சிமென்ட், கான்கிரீட்டுக்கு ஒன்று. கட்டடக் கல்லுக்கு இன்னொன்று. உற்பத்தியாளர், வாங்குபவர், ஆய்வகத்தார், அரசுத் துறையினர் எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். வாக்கெடுப்பை விட இணக்கத்துக்கே அங்கே மதிப்பு. சிறு தொழில் செய்பவர்களுக்கு மூன்றில் மிக அருகில் இருக்கும் கதவு இதுதான். ஆனால் மிகக் குறைவாகத் தட்டப்படுவதும் இதுவே.

ஆலோசனை எப்படிப் பணமாகிறது: ஒரு சங்கிலி

2022 நவம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம், முக்கியக் கனிமங்களை அடையாளம் காண ஒரு குழு அமைத்தது. குழு மூன்று கட்டமாக வேலை செய்தது. பிற நாடுகளின் பட்டியல்களைப் பார்த்து 69 தனிமங்களையும் கனிமங்களையும் எடுத்துக்கொண்டது. பிறகு மற்ற அமைச்சகங்களிடம் அவரவர் தேவையைக் கேட்டது. கடைசியில் பொருளாதார முக்கியத்துவம், வரத்து தடைப்படும் அபாயம் என்ற இரண்டு அளவுகோலில் கணக்கிட்டு, 30 கனிமங்களின் பட்டியலை 2023 ஜூனில் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

குழு அமைந்ததிலிருந்து பணம் வரும்வரை இரண்டேகால் ஆண்டு. அரசு வேகத்துக்கு இது குதிரைப் பாய்ச்சல்.

அந்த 30இல் மாலிப்டினமும் ஒன்று. அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் மாலிப்டினம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறது. இங்கேதான் பலர் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். பட்டியலில் பெயர் வந்ததால் நாளைக்கே சுரங்கம் வந்துவிடாது. ஆய்வு ஜி-4 என்ற முதல்நிலைத் தேடலில் தொடங்கி, ஜி-3, ஜி-2 என்று இறங்கி, ஜி-1 என்ற விரிவான நிலைக்குப் போக வேண்டும். அதன் பிறகும் தாதுவின் செறிவு, பிரித்தெடுக்கும் செலவு, நிலம், நீர் என்று வரிசை நிற்கும். ஆனால் ஆராய்ச்சியாளருக்குப் பட்டியல் வேறு வழியில் உதவும். குறைந்த செறிவுள்ள மாலிப்டினத் தாதுவை மிதப்பு முறையில் (தாதுத் துகளை நுரையோடு மிதக்கவிட்டு) பிரிப்பது பற்றி நீங்கள் ஒரு திட்டம் எழுதினால், "இது ஏன் முக்கியம்?" என்ற கேள்விக்கு அரை வரியில் பதில் முடிந்துவிடும்.

மின்வாகனத்திலும் இதே போக்குதான். முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2024 ஜூலையில் மின்வாகன ஆராய்ச்சிக்கான வழித்தட அறிக்கையை வெளியிட்டது. அந்த ஆண்டே அனுசந்தான் அறக்கட்டளை மின்வாகனத்துக்கென்று தனி இயக்கம் அறிவித்து விண்ணப்பம் கேட்டது. அதில் பேட்டரிக்கான தலைப்பிலேயே 'வெப்பமண்டல' என்ற சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல், 25 டிகிரி அறை வெப்பத்தில் மட்டும் எடுத்த செல் தரவைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. போச்சம்பள்ளியில் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பேட்டரி என்ன பாடுபடும் என்பது இங்கிருப்பவருக்குத் தெரியும். அந்த அறிவை 40, 45, 55 டிகிரி அளவீடுகளாக மாற்றிக் கொடுத்தால்தான் குழுவுக்குப் பயன்.

குழுவின் ஆணையைப் படியுங்கள்

மத்திய அரசு ஒரு குழுவை அமைக்கும்போது அலுவலகக் குறிப்பாணை ஒன்று வெளியிடும். மாநிலத்தில் அது அரசாணையாக வரும். பெரும்பாலும் இரண்டு, மூன்று பக்கம்தான். எல்லோரும் உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, "இவர் நம்ம புரொபசருக்குத் தெரிந்தவர்" என்று மகிழ்ந்துவிட்டுத் தாளை மூடிவைப்பார்கள். பார்க்க வேண்டியது வேறு.

பணி வரையறை என்ற பத்தியில் உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். "ஆராய்ந்து அறிக்கை தர" என்றால் அறிக்கையோடு முடியும். "திட்டங்களைப் பரிந்துரைக்க" என்றால் பின்னால் பணம் இருக்கிறது. "கண்காணிக்க" என்றால் திட்டம் ஏற்கெனவே ஓடுகிறது, புதியவருக்கு இடம் குறைவு. அடுத்து காலவரம்பு. ஆறு மாதக் குழுவுக்கு ஐந்தாவது மாதத்தில் கடிதம் எழுதினால் அது இணைப்பில்கூட ஏறாது. அதற்குள் வரைவு தயாராகியிருக்கும். மூன்றாவது, உறுப்பினர்-செயலர் யார் என்பது. தலைவர் பெரிய விஞ்ஞானியாக இருப்பார். ஆனால் நிகழ்ச்சி நிரல் தயாரிப்பது, கோப்பு சுற்றுக்கு விடுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் உறுப்பினர்-செயலர்தான். உங்கள் கடிதம் போக வேண்டிய மேசை அவருடையது. புதிய உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளவும் வெளியாரை அழைக்கவும் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த வரி இருந்தால், "சிறப்பு அழைப்பாளராக விளக்கம் தர அனுமதிக்கவும்" என்று கேட்கலாம்.

ஆணை இணையத்தில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, ஆலோசனைக்காக அமைத்த குழுக்களின் விவரத்தையும், அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, கூட்டக் குறிப்புகள் கிடைக்குமா என்பதையும் ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்கும்போது "குழு என்ன முடிவெடுத்தது?" என்று கேட்காதீர்கள். "இன்ன தேதியிட்ட ஆணையின் நகல், முதல் மூன்று கூட்டங்களின் குறிப்புகளின் நகல்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேள்வியாகக் கேட்டால் "விளக்கம் தர இயலாது" என்று தட்டிக் கழிக்க வழியிருக்கிறது. ஆவணமாகக் கேட்டால் அவ்வளவு சுலபமாக முடியாது. அமைச்சரவைக் கோப்பும் நிறுவனங்களின் வணிக ரகசியமும் மட்டும் கிடைப்பது கடினம்.

அமெரிக்காவில் இந்த விஷயத்தில் வேறு பழக்கம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு ஆலோசனைக் குழுக் கூட்டங்கள் பொதுவாகத் திறந்தவை. 15 நாள் முன்பே அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் காகிதத்தைத் தேடிப் படிப்பதில் நமக்கு வேலை கூடுதல்.

பிரச்சினையைக் கேள்வியாக மாற்றுதல்

"கிரானைட் கழிவுக்கு ஒரு தீர்வு வேண்டும்" என்பது பிரச்சினை. எந்தக் குழுவாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. "கல் அறுக்கும்போது வரும் நுண்சேற்றை எம்-சாண்டோடு (உடைத்த கல் மணலோடு) எவ்வளவு கலந்தால், அந்த மணல் ஐ.எஸ். 383 (ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை) வரம்புக்குள் நிற்கும்?" என்பது தரநிலைக் குழுவுக்கான கேள்வி. "இரும்பு கலந்த சேற்றிலிருந்து இரும்பைப் பிரித்து, மீதியை ஓடு தொழிற்சாலைக்குக் கொடுக்கும் முறையை ஒரு நாளைக்கு ஒரு டன் அளவில் செய்து காட்ட முடியுமா?" என்பது நிதிக் குழுவுக்கானது. "மாநிலம் முழுக்க இந்தச் சேறு எவ்வளவு, எங்கே சேர்கிறது என்ற கணக்கு எடுக்க வேண்டுமா?" என்பது திசைக் குழுவுக்கானது. மண் ஒன்றுதான், கேள்வி மூன்று, மூன்றுக்கும் வேண்டிய சான்றும் வெவ்வேறு.

சான்று: பெரும்பாலோர் விழும் இடம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குழுவில் உட்காருபவர்கள் நம் ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் தரவில் ஓட்டை எங்கே என்று மூக்கால் கண்டுபிடிப்பார்கள்.

மாதிரி எடுப்பதிலிருந்து தொடங்குவோம். பட்டறைத் தொட்டியில் சேறு விழும் வாயருகே பருமனான துகள் தங்கும். தள்ளித் தள்ளிப் போகப் போக மாவு மாதிரி நைசாகிவிடும். ஒரே இடத்தில் ஒரு வாளி அள்ளினால் அது அந்த இடத்தின் மாதிரிதான், தொட்டியின் மாதிரி அல்ல. வாய், நடு, கடை மூன்றிலும், மேல் மட்டம், அடி மட்டம் இரண்டிலும் எடுத்து, காயவைத்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளைச் சேர்த்து மறுபடி பிரித்து, கையில் நிற்கும் அளவுக்குக் குறையுங்கள். என்ன கல் அறுத்தார்கள், எந்த இயந்திரம், எந்தத் தேதி என்று பையிலேயே எழுதுங்கள். காரணம் இருக்கிறது. இன்று கிருஷ்ணகிரியின் பேரடைசோ போன்ற வண்ணக்கல் அறுத்திருப்பார்கள், நாளை கருங்கல். வண்ணக்கல்லில் சிலிக்கா ஏறக்குறைய 70 சதவீதம் இருக்கும். டோலரைட் வகைக் கருங்கல்லில் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கும், இரும்பு கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒரே குழியில் விழுந்தால் உங்கள் வேதியியல் அட்டவணைக்கு அர்த்தமில்லை. கேங்-சா என்ற பல அலகு ரம்ப இயந்திரத்தில் எஃகுக் குறுமணியும் சுண்ணாம்பும் போட்டு அறுக்கிறார்கள். அந்தச் சேற்றில் இரும்பு கலந்து, பின்னால் துருக்கறை காட்டும். வைரக் கம்பி, வைர வட்டில் அறுத்த சேற்றில் அது இருக்காது. இரண்டையும் கலந்து எடுத்த மாதிரியில் கறை வந்தால், பழி கல்லின் மேல் விழும்.

அடுத்த பொறி, 'எழுபது சதவீதப் பொறி'. நிலக்கரி எரிசாம்பலுக்கான தரநிலையான ஐ.எஸ். 3812, சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு மூன்றின் கூட்டுத்தொகை 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. கிரானைட் மாவில் இந்தக் கூட்டுத்தொகை அதைத் தாண்டிவிடும். உடனே "சிமென்டுக்கு மாற்று கிடைத்துவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். எரிசாம்பலில் உள்ள சிலிக்காவில் பெரும்பங்கு கண்ணாடி நிலையில் இருப்பதால் சுண்ணாம்போடு வினைபுரியும். கிரானைட்டில் அது குவார்ட்சாகவும் பெல்ஸ்பாராகவும் படிகமாக உறங்குகிறது. சும்மா இடத்தை அடைக்கும். பொருள் படிகமா, கண்ணாடியா என்று காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் படம் ஒன்றை வைத்தாலே இது தெரிந்துவிடும். குழுவில் ஒருவர் நிச்சயம் கேட்பார்: "சுண்ணாம்பு வினைத்திறன் எவ்வளவு?" அதே தரநிலை குறைந்தது 4.5 மெகாபாஸ்கல் கேட்கிறது. அந்த எண் கையில் இல்லாமல் சிமென்ட் என்ற பேச்சை எடுக்காதீர்கள். இந்த மாவு மணலின் ஒரு சிறு பங்காகவோ, பெல்ஸ்பார் இருப்பதால் ஓடு, செங்கல் சுடும்போது உருகுவதை எளிதாக்கும் இளக்கியாகவோ பயன்படலாம். அதைச் சொல்வதில் தாழ்வு ஒன்றுமில்லை.

மணலில் கலப்பதானால் கணக்கைப் போட்டுவிட்டுப் பிறகு கலவை போடுங்கள். ஐ.எஸ். 383:2016, உடைத்த கல் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான துகள் 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. இயற்கை மணலில் 3 சதவீதம்தான். சேறு முழுவதும் 75 மைக்ரானுக்குக் கீழ் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைக்கும் எம்-சாண்டில் ஏற்கெனவே 12 சதவீதம் மாவு இருந்தால், 95 கிலோ மணலில் 11.4 கிலோ. அதோடு 5 கிலோ சேறு சேர்ந்தால் நூற்றுக்கு 16.4, வரம்பு தாண்டிவிட்டது. 3 கிலோவோடு நிறுத்தினால் 14.64, தேறும். நன்றாகக் கழுவிய, 8 சதவீத மாவுள்ள எம்-சாண்ட் என்றால் ஏழரை கிலோ வரை இடமிருக்கிறது. ஆக, "20 சதவீதம் கலந்து வெற்றி" என்று ஆய்வேடு சொன்னால், அடிப்படை மணலில் எவ்வளவு மாவு இருந்தது என்று எழுதாதவரை அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கலவையில் எதை மாற்றாமல் வைத்தீர்கள் என்பது இன்னொரு கேள்வி. மாவு கூடினால் தண்ணீர் கேட்கும். கலவையின் தளர்வை (இளக்கத்தை) ஒரே அளவில் வைக்கத் தண்ணீர் ஊற்றினால் வலிமை குறையும். தண்ணீர்-சிமென்ட் விகிதத்தை ஒரே அளவில் வைத்தால் கலவை இறுகிப்போய் அச்சில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். கலவை இளக்கி மருந்தைக் கூட்டினால் செலவு ஏறும். மூன்றில் எதைச் செய்தீர்கள் என்று எழுதாத அட்டவணையைக் குழு திருப்பி வைத்துவிடும். 150 மில்லிமீட்டர் கனசதுரம், ஒவ்வொரு வயதுக்கும் மூன்று. தனித்தனி அளவு சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுதி செல்லாது. 7, 28 நாள் வலிமையோடு நின்றுவிடாமல், 90 நாளும் உலர் சுருக்கமும் சேருங்கள். மாவு கூடிய கான்கிரீட்டில் விரிசல் பெரும்பாலும் சுருக்கத்தால் வருவது. வலிமை அட்டவணையில் அது தெரியவே தெரியாது.

தர்மபுரிப் பக்கம் குடிநீரிலுள்ள ஃபுளோரைடை உறிஞ்சும் பொருள் ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் இதே பாடம்தான், எண்கள்தான் வேறு. குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. ஆய்வகத்தில் வாலை வடிநீரில் சோடியம் ஃபுளோரைடு கலந்து எடுத்த எண் அழகாக இருக்கும். நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகம். அது போட்டிக்கு வந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும். கிணற்று நீரிலேயே சோதிக்க வேண்டும். தீர்ந்துபோன பொருளை யார் புதுப்பிப்பார்கள், புதுப்பித்த கழிவு நீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் எந்த நிபுணர் குழுவும் நகராது. ஊர்களில் வைத்த வடிகட்டிகள் பழுதாவது வேதியியலால் அல்ல, இந்தக் கேள்விக்கு ஆள் வைக்காததால்.

எழுதும் முறை

திசைக் குழுவுக்கு இரண்டு பக்கக் குறிப்பு போதும். முதல் பத்தியிலேயே குழுவின் பணி வரையறையில் எந்த உட்பிரிவுக்கு இது பொருந்துகிறது என்று எண்ணோடு சொல்லுங்கள். பிறகு சான்று, அதன் குறை, நீங்கள் கேட்பது. "குழு இதைப் பரிசீலிக்க வேண்டும்" என்று முடிக்காமல், அறிக்கையில் அப்படியே எடுத்துப் போடக்கூடிய ஒரு பரிந்துரை வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். வரைவு எழுதும் இரவில் உறுப்பினர்-செயலருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

தரநிலைக் குழுவுக்கு முறையே வேறு. வரைவுத் தரநிலை பொதுப் பார்வைக்கு வரும்போது வழக்கமாக 60 நாள் அவகாசம், அவசரமென்றால் குறைப்பார்கள். கருத்தை அவர்கள் தரும் படிவத்திலேயே அனுப்ப வேண்டும்: பிரிவு எண், அட்டவணை எண், கருத்தின் வகை, முன்மொழியும் சொற்கள், காரணம். "சிறு தொழில்களைக் கருத்தில் கொள்ளவும்" என்று எழுதினால் "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று பதில் வரும். அதற்கு அர்த்தம் குப்பைத்தொட்டி. இப்படி எழுதினால் விவாதிக்காமல் விட முடியாது:

"ஐ.எஸ். 383, அட்டவணை 2, 75 மைக்ரானுக்குக் கீழான பொருள். வகை: தொழில்நுட்பம். சேர்க்க வேண்டிய அடிக்குறிப்பு: 'பாறை அறுவை நுண்துகளைக் கலந்தால், அதையும் 15 சதவீத வரம்புக்குள் கணக்கிட வேண்டும், ஆக்சைடாக அல்லாத உலோக இரும்பு இருக்கிறதா எனச் சோதிக்க வேண்டும்.' காரணம்: இணைப்பில் உள்ள சோதனை முடிவுகள்."

அந்த இணைப்பில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை ஒன்றாவது இருக்கட்டும். கல்லூரி ஆய்வகத் தரவு தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் போட்டியாக உட்கார்ந்திருப்பவர் அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வார். தனி ஆளாக அனுப்புவதைவிட உற்பத்தியாளர் சங்கத்தின் பெயரில் அனுப்பினால் எடை கூடும்.

இதே ஐ.எஸ். 383 ஒரு நல்ல முன்மாதிரியும் தருகிறது. இடிபாட்டுக் கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதம், கம்பி போட்டதில் எம்-25 தரம் (25 மெகாபாஸ்கல் வலிமை) வரை மட்டும் 20 சதவீதம், மெலிந்த கலவையில் முழுவதும் என்று பிரித்து அனுமதிக்கிறது. நிபுணர் குழுக்கள் இப்படித்தான் வழிவிடும், பயன்பாட்டைப் பிரித்து, ஆபத்து குறைந்த இடத்தில் கதவை அகலமாகத் திறந்து. நீங்களும் அப்படிப் பிரித்தே கேளுங்கள். நேரே வீட்டுத் தூணுக்கு அனுமதி கேட்பவருக்கு நடைபாதைக் கல்லுக்கான அனுமதியும் கிடைக்காமல் போகும்.

நிதிக் குழு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவமே வழிகாட்டும். முதலில் வெளி மதிப்பீட்டாளர்கள் படிப்பார்கள், பிறகு குழு. நேரில் விளக்க அழைத்தால் பத்து, பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். அதில் பாதியை உலகப் பின்னணிக்குச் செலவழிப்பது நம்மவர்களின் பரம்பரை வியாதி. கருவிகள் பட்டியலில் ஏற்கெனவே பக்கத்துக் கல்லூரியில் இருக்கும் இயந்திரத்தை மறுபடி கேட்டால் முழு வரவுசெலவுக் கணக்கின் மேலும் சந்தேகம் விழும்.

நீங்களே உறுப்பினரானால்

கல்லூரி ஆசிரியர்களுக்கு இந்த அழைப்பு நினைப்பதைவிடச் சீக்கிரம் வரும், முக்கியமாகத் தரநிலைக் குழுக்களில். முதல் கூட்டத்துக்கு முன்பே உங்கள் தொடர்புகளை எழுத்தில் சொல்லிவிடுங்கள்: ஆலோசனைக் கட்டணம் வாங்கும் நிறுவனம், பங்குகள், உங்கள் மாணவரின் விண்ணப்பம், சொந்தக் கல்லூரியின் விண்ணப்பம், சேர்ந்து கட்டுரை எழுதியவர். அந்தப் பொருள் விவாதத்துக்கு வரும்போது அறையை விட்டு வெளியே போங்கள்; போனது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்றும் பாருங்கள். "நான் வாயே திறக்கவில்லை" என்பது பின்னால் செல்லாது. உட்கார்ந்திருப்பதே செல்வாக்கு.

மாற்றுக் கருத்து இருந்தால் தேநீர் இடைவேளையில் முணுமுணுக்காமல், எழுதிக் கொடுத்துக் குறிப்பில் இணைக்கச் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பின் வரைவு வரும். பலர் படிக்காமலே விட்டுவிடுவார்கள். அதில் "குழு கருதியது" என்று இருக்கும் இடமெல்லாம் நீங்களும் கருதியதாகவே பொருள்.

பரிந்துரை எழுதும்போது மூன்றைக் கேளுங்கள்: எந்த அலுவலகம், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் இல்லாத பரிந்துரை வேண்டுதல் மாதிரிதான், நிறைவேறினால் தெய்வச் செயல். 2007இல் மத்திய அரசின் நானோ அறிவியல், தொழில்நுட்ப இயக்கம் ஐந்தாண்டுக்கு 1,000 கோடி என்று எண்ணோடு வந்தது. அதனால்தான் கல்லூரிகளுக்குக் கருவிகள் வந்து சேர்ந்தன. பொறுமைக்கும் எண் வைக்க வேண்டும். ஒரு புதிய பொருள் ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வர 10 முதல் 20 ஆண்டு ஆகிறது என்று 2011இல் அமெரிக்கா புதிய பொருட்களை வேகமாக உருவாக்கும் தன் 'பொருள் மரபணு முனைவை'த் தொடங்கியபோது கணக்குச் சொன்னது; அதைப் பாதியாக்குவதுதான் அந்தத் திட்டத்தின் இலக்கே. மூன்றாண்டுத் திட்டத்தின் முடிவில் தொழிற்சாலை கேட்கும் பரிந்துரையை எழுத விடாதீர்கள்.

அறிக்கை வந்த பிறகு

ஆலோசனை ஆணை ஆகாது. அமைச்சகம் ஏற்கலாம், பாதி ஏற்கலாம், அலமாரியில் வைக்கலாம். பெரிய தொகை என்றால் செலவின நிதிக் குழு, அதற்கு மேல் அமைச்சரவை என்று படியேற வேண்டும். அறிக்கையைப் படிக்கும்போது "வேண்டும்" என்று முடியும் வரிகளை ஒரு நிறத்திலும், "பரிசீலிக்கலாம்" என்று முடியும் வரிகளை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். முதல் நிறத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதும்.

ஆறு மாதம் கழித்தும் அசைவில்லை என்றால் இரண்டு வழி. ஏற்பு நடவடிக்கைக் கோப்பின் நகலைத் தகவல் உரிமையில் கேட்பது ஒன்று. தொகுதி எம்.பி. அலுவலகத்தின் மூலம் நாடாளுமன்றக் கேள்வி போடுவது இன்னொன்று. அதற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவித்ததும் கேள்வியைத் தட்டச்சு செய்து கொடுத்துவிடுங்கள். கேள்வி ஒரே வரியில், அறிக்கையின் பரிந்துரை எண்ணோடு இருக்கட்டும்.

தரநிலைக் குழுவில் கருத்து நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தரநிலையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபார்வைக்கு வர வேண்டும். "90 நாள் தரவு இல்லை" என்பது நிராகரித்த காரணம் என்றால், அடுத்த மறுபார்வைக்கு ஓராண்டு முன்பே கனசதுரங்களை வார்த்துத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.